சுழியரும் குறுக்கரும்

நிலத்தில் குறுக்கே இரண்டும் நெடுக்கே இரண்டுமாக நான்கு கோடுகள் இட்டால் ஒன்பது கட்டங்கள் அமையும். ஒருவர் ஒரு கட்டத்தில் சுழி இடுவார். மற்றவர் வேறொரு கட்டத்தில் பெருக்கற்குறி இடுவார். தம் குறி மூன்றினை ஒரே வரிசையில் முதலில் அமைத்தவரே வென்றவர். கற்பலகையிலும் குறிப்பேட்டின் கடைசித் தாளிலும் இதனை ஆடிப் பாராத சிறுவர் அரியர். ஆனால் ஆட்டத்தின் நுட்பம் அறிந்த இருவர் எதிரெதிரே அமர்ந்தால், அது வெற்றி தோல்வி இன்றியே முடியும். எத்தனை முறை ஆடினும் முடிவு அதுவே. அதனாற்போலும், வளர்ந்தவர் இவ்வாட்டத்தை நாடுவதில்லை.

எவரும் வெல்லாத இவ்வாட்டத்தின் ஆங்கிலப் பெயரையே தம் நாவலுக்குச் சூட்டினார் மலோரி பிளாக்மன் என்னும் அம்மையார். ‘நாட்ஸ் அண்டு கிராசஸ்’ என்னும் அந்நாவல் 2001-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்தது. இளைஞர்க்கென எழுதப்பெற்ற காதற்கதை அது. அதன் நிலைக்களம் ஒரு கற்பனை நாடு. கற்பனை நாடு என்றவுடன் மந்திரக் கோலும், பறக்கும் குதிரையும், பேசும் மரமும் நினைவுக்கு வருதல் இயல்பு. அவற்றுள் ஒன்றும் இங்கே இல்லை. தெருவும் பள்ளியும் கடைவீதியும் நீதிமன்றமும் நாம் அறிந்தனவே. ஆசிரியர் மாற்றியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றினால் எல்லாமே மாறிவிடுகின்றன.

அந்நாட்டில் ஆள்வோர் கருநிறத்தினர். செல்வமும் கல்வியும் சட்டமும் அவர்கள் கையில் உள்ளன. அவர்களுக்குக் ‘கிராஸ்’ என்பது பெயர். தமிழில் குறுக்கர் எனலாம். வெண்ணிறத்தினர் முன்னாளில் அடிமைகளாய் இருந்து, பெயரளவில் விடுதலை பெற்று, ஏவல் செய்தும் எளிய கூலி பெற்றும் வாழ்பவர்கள். அவர்கள் ‘நாட்’, அதாவது சுழியர். சுழி என்பது ஒன்றுமின்மையைக் குறிக்கும் எண் அன்றோ! நூலில் அச்செழுத்தும் இவ்வேறுபாட்டைக் காட்டுகின்றது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இருவகை உண்டு. குறுக்கர் பெயர் பெரிய எழுத்தால் தொடங்கும். சுழியர் பெயர் வாக்கியத்தின் நடுவே சிறிய எழுத்திலேயே கிடக்கும். கதை தொடங்கி நெடுந்தொலைவு சென்றபின்னரே பலர் இதனைக் காண்பர்.

கதைத் தலைவி பெர்செபனி ஹாட்லி. வீட்டார் வழங்கும் பெயர் செஃபி. அவள் தந்தை கமல் ஹாட்லி குறுக்கருள் முதன்மை பெற்ற அரசியல்வாதி. தலைவன் கேலம் மக்கிரெகர் சுழியர் குலத்தவன். அவன் தாய் மெகி, ஹாட்லி மாளிகையில் குழந்தைகளைப் பேணும் செவிலியாய் இருந்தவள். அதனால் செஃபியும் கேலமும் ஒன்றாய் விளையாடி வளர்ந்தனர். ஒருநாள் செஃபியின் தாய் தன் செயல் ஒன்றை மறைத்தற்கு மெகி பொய் சொல்லித் துணைநிற்கவில்லை என்று சினந்தாள். பல்லாண்டு ஊழியம் செய்தவள் அன்றே வேலையிழந்தாள். பெரியோர் பிரிந்தனர், சிறியோர் பிரியவில்லை. மாளிகையை அடுத்த கடற்கரையில் ஒருவரும் அறியாமல் அவர்கள் சந்தித்து வந்தனர். கதை தொடங்கும்போது கேலத்திற்கு வயது பதினைந்து. செஃபி அவனினும் இளையவள். மணலில் அமர்ந்து அவனுக்குக் கணக்குச் சொல்லித்தருகின்றாள் அவள். ஏனெனில் அவன் ஒரு தேர்வு எழுத வேண்டும்.

அத்தேர்வு என்ன? அதுகாறும் குறுக்கர் பிள்ளைகட்கே உரியதாய் இருந்த ஹீத்கிராஃப்ட் என்னும் பள்ளியில், புதிய சட்டத்தால் சுழியர் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொள்ள இசைந்தனர். விரல்விட்டு எண்ணத்தக்க அச்சிலருள் கேலமும் ஒருவன். இனி ஒரே பள்ளியில் நாளும் காணலாம் என்று செஃபி மகிழ்கின்றாள். பள்ளி திறக்கும் நாளும் வருகின்றது.

அந்நாளின் வருணனையே நாவலில் நெஞ்சை மிகவும் வருத்தும் பகுதி எனலாம். பள்ளியின் முன் பெருங்கூட்டம். மாணவரும் பெரியோரும் திரண்டு நின்று, சுழியர் உள்ளே வரலாகாது என்று கூச்சலிடுகின்றனர். காவலர் சூழ அச்சிறுவர்கள் நடந்து வருகின்றனர். தள்ளுமுள்ளில் சுழியர் குலப் பெண் ஒருத்தி நெற்றியில் அடிபட்டு வீழ்கின்றாள். கேலம் அவளைத் தாங்குகின்றான். செஃபி இக்கொடுமையைக் கண்டு பொறாமல் தன் இனத்தாரையே நோக்கிச் சீறுகின்றாள். அவள் உள்ளம் தூயது. அவள் துணிவு பெரிது. ஆனால் அவள் வாயினின்றும் வந்த சொல் யாது? நீங்கள் விலங்குகள்போல் நடக்கின்றீர்கள் என்று தொடங்கியவள், விலங்கினும் கீழானதற்கு உவமை தேடி, சுழியரைக் குறுக்கர் இழித்துரைக்கும் வசைச்சொல்லையே சொல்லிவிடுகின்றாள். வெறுமையர் என்னும் பொருள்பட வழங்குவது அச்சொல்.

கூட்டம் அதனைக் கேட்டது. கேலமும் கேட்டான். அத்தனை வசைகளுக்கிடையே அசையாது நின்றவன், இந்த ஒரு சொல்லால் அடிபட்டு நிற்கின்றான்.

செஃபி பகைவள் அல்லள். அவனுக்காகப் பரிந்து பேச வந்தவள் அவள். அச்சொல்லை அவள் கற்றுக்கொண்டதும் இல்லை. வீட்டிலும் வீதியிலும் வழங்கும் ஏனைய சொற்களோடு அதுவும் அவள் நாவில் வந்து குடியேறியிருந்தது. ஊரை இரண்டாய்ப் பிரித்த சுவரின் கல் ஒன்று தன் வாய்க்குள்ளேயே கிடந்ததை அந்த நொடியில்தான் அவள் உணர்கின்றாள். பின்னர் மன்னிப்பு வேண்டுகின்றாள். கேலம் மன்னிக்கவும் செய்கின்றான். ஆயினும் கடற்கரையில் இருவருக்கும் நடுவே அதுவரை இல்லாத மூன்றாவது ஒன்று வந்து அமர்ந்துவிட்டது.

பள்ளி வாயிலில் நிகழ்ந்த இது முழுதும் புனைவு அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆர்க்கன்சா மாநிலத்துத் தலைநகர் லிட்டில் ராக். வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் தனித்தனிப் பள்ளிகள் நடத்துதல் அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று 1954-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்வழி 1957-ஆம் ஆண்டு செப்டம்பரில் கறுப்பின மாணவர் ஒன்பதின்மர் அந்நகரத்து மத்திய உயர்நிலைப் பள்ளியில் சேர முயன்றனர். மாநில ஆளுநர் படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். செப்டம்பர் 4-ஆம் நாள், ஏனையோரோடு சேர்ந்து வரவேண்டும் என்னும் செய்தி எட்டாமையால், எலிசபெத் எக்ஃபோர்டு என்னும் பெண் தனியே வந்துவிட்டாள். கேலத்தைப்போல அவளுக்கும் வயது பதினைந்தே. புத்தகத்தை மார்போடு அணைத்து அவள் நடக்க, பின்னே கூட்டம் வாய்திறந்து வசைபொழியும் காட்சியைப் புகைப்படம் உலகெங்கும் கொண்டுசென்றது. இறுதியில் குடியரசுத் தலைவர் ஐசனோவர் தரைப்படையை அனுப்பினார். செப்டம்பர் 25-ஆம் நாள் துப்பாக்கி ஏந்திய வீரர் புடைசூழ அவ்வொன்பதின்மரும் பள்ளிப் படியேறினர். நிறத்தை மட்டும் மாற்றி அந்நிகழ்ச்சியை ஹீத்கிராஃப்டின் வாயிலில் நிறுத்தினார் பிளாக்மன் அம்மையார்.

வாயிலைத் தாண்டி உள்ளே சென்றால் போராட்டம் முடிந்துவிடுமோ? உணவறையில் சுழியர் ஒரு மேசையில் ஒதுங்கி அமர்கின்றனர். செஃபி தன் உணவை எடுத்துக்கொண்டு அவர்களோடு போய் அமர்கின்றாள். எவரும் அவளை வரவேற்கவில்லை, கேலமும் கூசுகின்றான். ஆசிரியை ஒருவர் வந்து அவளை அங்கிருந்து இழுத்துச் செல்கின்றார். பின்னொரு நாள் அவள் இனத்து மாணவியரே, சுழியரோடு அமர்ந்தமைக்காக அவளை மறைவில் அடித்துத் துன்புறுத்துகின்றனர். எல்லையைக் கடந்து வருபவனைக் காவலர் தடுப்பர். எல்லையைக் கடந்து செல்பவளைத் தோழியரே தண்டிப்பர்.

நெற்றியில் அடிபட்ட அப்பெண்ணைப் பற்றிய சிறு செய்தி ஒன்று நாவலில் உண்டு. அளவிற் சிறிதாயினும் இந்நூலைப் படித்தவர் எதை மறப்பினும் இதனை மறவார். அவள் காயத்தின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கின்றது. வெளிறிய நெற்றியில் அது அடர்ந்த பழுப்பு நிறத்தில் பளிச்செனத் தெரிகின்றது. வெளிர்நிறப் பிளாஸ்திரி எங்கும் விற்பதில்லை; குறுக்கரின் தோலுக்கு இயைந்த நிறத்திலேயே எல்லாம் செய்யப்படுகின்றன. அதனைக் கண்டபோதுதான் செஃபிக்கு உறைக்கின்றது: இத்தனை நாளும் தான் இதனை எண்ணிப் பார்த்ததே இல்லை. எண்ண வேண்டிய தேவை அவளுக்கு இருந்ததில்லை. தன் காயத்தின்மேல் ஒட்டியது தன் தோலோடு தோலாய் மறைந்துவிட்டது, அவ்வளவே.

இங்கே படிப்பவர் சிறிது நின்று, கதையின் நிறங்களைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். ஒட்டுப் பிளாஸ்திரியை 1920-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஏர்ல் டிக்சன் என்பவர் கண்டறிந்தார். சமையலறையில் அடிக்கடி கையை அறுத்துக்கொண்ட தம் மனைவிக்காக அவர் அதனைச் செய்தார் என்பர். அன்று தொடங்கி நெடுங்காலம் மேலைநாட்டுக் கடைகளில் பெரும்பாலும் விற்றது வெள்ளையர் தோலை ஒத்த இளஞ்சிவப்பு நிறப் பிளாஸ்திரியே. கறுப்பினச் சிறுமி ஒருத்தி முழங்காலில் அதனை ஒட்டிக்கொண்டால் தொலைவிலேயே தெரியும். அதனைச் செய்தவர் அவளை வருத்த எண்ணினார் அல்லர். அவளை எண்ணவே இல்லை. நாவல் வெளிவந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 2020-இல்தான் பிரிட்டனின் பெருங்கடை நிறுவனமாகிய டெஸ்கோ பலவகைத் தோல் நிறங்களில் பிளாஸ்திரி விற்கத் தொடங்கியது. சட்டம் திருத்தும் கொடுமை ஒருவகை. எவர் கண்ணிலும் படாமற் கிடக்கும் இத்தகையது மற்றொரு வகை. இரண்டாவதைக் காட்டுதற்குக் கதையைப்போல் தக்க கருவி வேறில்லை.

ஆசிரியர் இதனைக் கற்பனையால் மட்டும் அறிந்தவர் அல்லர். மலோரி பிளாக்மன் 1962-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். பெற்றோர் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய பார்படோசிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆங்கில ஆசிரியை ஆகவேண்டும் என்பது அவருடைய இளமைக்கனவு. கறுப்பர் ஆசிரியர் ஆவதில்லை என்று சொல்லி, பள்ளியில் தொழில்வழி காட்டுவோர் அக்கனவைக் கலைத்தனர். அவர் கணிப்பொறித் துறையில் பணியாற்றினார், ஓய்வில் எழுதினார். பதிப்பகங்கள் அவர் எழுத்தை எண்பத்திரண்டு முறை திருப்பியனுப்பின என்று அவரே கூறியுள்ளார். 1990-ஆம் ஆண்டு முதல் நூல் வெளிவந்தது. பின்னர் 2013 முதல் 2015 வரை, பிரிட்டனில் சிறுவர் இலக்கியம் படைப்போர்க்கு வழங்கும் தனிப்பெருஞ் சிறப்புப் பதவியை அவர் ஏற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

நாவலில் ஒரு வரலாற்று வகுப்பு வருகின்றது. அங்கே பாடமாக எடுத்துரைக்கப்படும் அறிஞர், கண்டுபிடிப்பாளர் பெயர்கள் கற்பனை அல்ல. அனைவரும் அமெரிக்காவில் உண்மையாகவே வாழ்ந்த கறுப்பினத்தவர். தாம் பள்ளியிற் படித்தபோது அவர்களுள் ஒருவரைப்பற்றியும் கேள்விப்பட்டதில்லை என்று அம்மையார் குறித்துள்ளார். குறுக்கர் பள்ளியில் சுழியர் சாதனை ஒன்றும் பாடத்தில் இல்லை. உலகத்தில் நம்மவர் ஒன்றுமே செய்யவில்லையோ என்று கேலம் குமுறுவது, ஒரு காலத்தில் ஆசிரியரே குமுறியது.

இந்நூல் எழுந்ததற்கு மற்றுமொரு காரணம் உண்டு. 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் இரவு, தென்கிழக்கு இலண்டனில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்னும் பதினெட்டு வயதுக் கறுப்பின மாணவனை வெள்ளை இளைஞர் குழு ஒன்று குத்திக் கொன்றது. காவல்துறையின் விசாரணை பிழைபட்டது. பெற்றோர் பல்லாண்டு போராடினர். 1999-இல் வெளிவந்த மக்பர்சன் அறிக்கை, அவ்விசாரணையைத் திறமைக்குறைவோடு நிறவேற்றுமையும் கெடுத்தது என்று வெளிப்படையாய்க் கூறிற்று. கொலைக்குற்றத்திற்காக இருவர் தண்டிக்கப்பட்டது 2012-இல்தான். இந்நிகழ்ச்சி தந்த வேதனையும் சினமுமே தம்மை இந்நாவல் எழுதத் தூண்டின என்பது பிளாக்மன் அம்மையாரின் கூற்று.

கதையின் பிற்பகுதி விரைந்து செல்கின்றது. கேலத்தின் தமக்கை லினெட் குறுக்கர் குல இளைஞன் ஒருவனை விரும்பினாள் என்பதற்காகத் தாக்குண்டு அறிவு கலங்கியவள். தாக்கியவர் அவள் இனத்தாரே. அவளையும் இழந்தபின், தந்தையும் தமையனும் படையேந்திப் போராடும் மறைவியக்கம் ஒன்றிற் சேர்கின்றனர். கடைத்தொகுதியில் வெடிகுண்டு வெடித்துப் பலர் மாள்கின்றனர். மகனைக் காக்கத் தந்தை குற்றத்தைத் தம்மேல் ஏற்றுச் சிறையில் மடிகின்றார். கேலம் பள்ளியை இழக்கின்றான். தொலைவிலுள்ள விடுதிப் பள்ளிக்குச் செல்லும்முன் செஃபி அவனுக்கு மடல் எழுதுகின்றாள்: இருவரும் இவ்வூரைவிட்டே போய்விடலாம் என்பது அதன் கருத்து. மடல் அவன் கைக்கு வந்தது. ஆயினும் அவன் அதனைப் பிரித்துப் படிக்கக் காலம் தாழ்த்தினான். ஓடிச்சென்றபோது அவளை ஏற்றிய கார் புறப்பட்டுவிட்டது. அவன் தன்னைக் கைவிட்டான் என்று அவள் எண்ண, அவள் போய்விட்டாள் என்று அவன் வெதும்பி அதே மறைவியக்கத்திற் சேர்கின்றான். மடல் தாழ்ந்ததால் விதி மாறுவது பழைய காதற்கதைகளில் பலகாலும் வந்ததே. இங்கே அது சற்று வலிந்து புகுத்தியதுபோலத் தோன்றினும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு பகுதியைச் செஃபி கூற, அடுத்த பகுதியைக் கேலம் கூறுமாறு நூல் முழுதும் அமைந்துள்ளது. இவ்வமைப்பே நூலின் வலிமை. ஒரே நிகழ்ச்சியை அவள் ஒருவாறு காண்கின்றாள். அவன் வேறுவாறு காண்கின்றான். இருவரும் பொய்யர் அல்லர். அவள் நன்மை என்று செய்தது அவனுக்கு இழிவாய்ப் பட்டதையும், அவன் மௌனம் அவளுக்குப் பகையாய்ப் பட்டதையும் படிப்பவர் மட்டுமே அறிகின்றனர். ஒருவர் பக்கத்தைப் புரட்டி மற்றவர் பக்கத்தைப் படிக்க முடிந்திருந்தால் இருவர் துன்பமும் பாதியாய்க் குறைந்திருக்கும். செஃபியின் பெற்றோரைப் படைத்ததில் இத்துணைச் செம்மை இல்லை என்றே கூறவேண்டும். தந்தை கல்லாகவே தொடங்கிக் கல்லாகவே முடிகின்றார்.

ஆண்டுகள் சில கழிந்து செஃபி ஊர் திரும்புகின்றாள். மறைவியக்கத்தார் அவளைக் கடத்திச் செல்கின்றனர். அவர்களுள் கேலமும் ஒருவன். இறுதியில் அவளைத் தப்பிக்கவிடுபவனும் அவனே. பின்னர் அவன் பிடிபடுகின்றான், தூக்குத்தண்டனை விதிக்கப்படுகின்றது. அதற்குள் செஃபி கேலத்தின் மகவைக் கருவுற்றிருக்கின்றாள். அம்மகவு பிறவாதிருக்க இசைந்தால் கேலத்தின் உயிர் தப்பும் என்று கமல் ஹாட்லி பேரம் பேசுகின்றார். அவர் அஞ்சுவது அவன் செய்த குற்றத்தை அன்று. இரு நிறமும் கலந்த ஒரு பேரக்குழந்தையை. செஃபியிடமும் கேட்கின்றார், சிறைக்கூடத்தில் கேலத்திடமும் கேட்கின்றார். இருவரும் மறுத்துவிடுகின்றனர்.

தூக்குமேடையின் முன் கூட்டம் நிறைந்திருக்கின்றது. பள்ளி வாயிலில் நின்றதைப்போலவே இங்கும் செஃபி கூட்டத்தின் நடுவே நின்று குரல் எழுப்புகின்றாள். அன்று தவறிய நாக்கு இன்று தவறவில்லை. அவனை விரும்புகின்றேன் என்பதை ஊரார் அனைவரும் கேட்கக் கூவுகின்றாள். பலகை விலகுகின்றது.

இதன்பின் நாவலில் எஞ்சியிருப்பது சிறு நாளிதழ் விளம்பரம் ஒன்றே. பெண் குழந்தை பிறந்த செய்தியைப் பெர்செபனி ஹாட்லி அதில் அறிவிக்கின்றாள். அக்குழந்தை ஹாட்லி என்னும் குடிப்பெயரால் வழங்கப்படாது. தந்தையின் குடிப்பெயராகிய மக்கிரெகர் என்பதையே தாங்கும் என்று அவ்விளம்பரம் தெரிவிக்கின்றது.